தாள்மேல் நிழல் விழக் கூடாது

சாத்தூருக்கு மேற்கே ஒரு மொட்டைப் பாறை. அதன்மேல் ஒரு மடம். அங்கே ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குருவுக்கு வயது நாற்பத்தாறு. சீடருக்கு அறுபத்தொன்று.

சீடர் வைத்தியலிங்கம் முப்பத்துமூன்று வருஷம் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். குரு நாச்சியாரம்மாள் ஏழாம் வகுப்பில் அவரிடமே படித்தவர். அதனால் சீடர் குருவை 'அம்மா' என்பார், குரு சீடரை 'சார்' என்பார். கேட்பவர்களுக்குத்தான் குழப்பம். அவர்கள் இருவருக்கும் இல்லை.

கோடை விடுமுறையில் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேருக்கு மடத்தில் வகுப்பு நடந்தது. காலை பத்திலிருந்து மதியம் ஒரு மணி வரை. நடத்தியவர் வைத்தியலிங்கம்.

அந்த இருபத்திரண்டு பேரில் ஒருத்தி கருப்பாயி. எட்டு வயது. குலசாமியை நினைத்து வைத்த பெயர். பிறக்கும்போதே அவள் தோலுக்கு நிறம் இல்லை. முடியும் புருவமும்கூட வெளுப்பு. வெயிலில் கண் கூசும். கால் மணி நேரம் நின்றால் தோல் சிவக்கும், அதற்கு மேல் நின்றால் கொப்புளம்.

போன வருஷம் பள்ளி விளையாட்டு விழாவில் அவளையும் அணிவகுப்பில் நிறுத்திவிட்டார்கள். கழுத்தெல்லாம் கொப்புளமாகி வீட்டுக்கு வந்தாள். அவள் அம்மா முத்திருளி அன்றோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டாள். தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகும்போது பிள்ளையை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிவிட்டுப் போவாள். இப்படியே ஒரு வருஷம் போயிற்று.

மடத்துக்கு அவளைக் கொண்டுவந்து விட்ட அன்று முத்திருளி கறாராகச் சொன்னாள்.

"இந்த மே மாசம் போகட்டும். ஒரு கொப்புளம் இல்லாம இவ இருந்துட்டாள்னா ஜூன்ல பள்ளிக்கூடத்துல சேத்துருவேன். வந்துச்சோ, பழையபடி பூட்டுதான். இது பெரியாஸ்பத்திரியில குடுத்த களிம்பு சார். வெயிலுக்குப் பூசுறது. முகம், கழுத்து, கையி எல்லாத்துக்கும் பத்து மணிக்குப் பூசணும். ஒரு டியூப்பு ஒரு மாசம் வரும். தொப்பியைக் கழட்ட விடாதீக."

"என் பொறுப்பும்மா" என்றார் வைத்தியலிங்கம்.

மனதாரத்தான் சொன்னார். அதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. அக்கறையில்லாத மனிதராக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுக் கதையை முடித்திருக்கலாம்.

முதல் வாரம் முழுக்க அவர் வெயிலைப் பற்றியே பேசினார். கருப்பாயி மட்டும் தொப்பி போட்டால் மற்றப் பிள்ளைகள் கேலி செய்யும் என்று இருபத்திரண்டு பேருக்கும் பனையோலைத் தொப்பி வாங்கிக் கொடுத்தார். புற ஊதாக் கதிர் என்றார். தோலில் எத்தனை அடுக்கு என்றார். கரும்பலகையில் சூரியனை வரைந்து, அதிலிருந்து அம்புக்குறி அம்புக்குறியாக இறக்கினார்.

பிள்ளைகள் தொப்பியில் வேப்பம்பழம் பொறுக்கினார்கள். தொப்பியைச் சுழற்றி எறிந்து யாருடையது தூரம் போகிறது என்று பந்தயம் வைத்தார்கள். ஒருத்தன் அதற்குள் ஓணானைப் பிடித்துவைத்து மூடியிருந்தான்.

"தொப்பியைத் தலையில போடு!" என்று வைத்தியலிங்கம் கத்துவது பாறைக்குக் கீழே தார்ச்சாலை வரை கேட்டது. போடுவார்கள். அவர் திரும்பியதும் கழற்றுவார்கள்.

எட்டாம் நாள் அவர் தொண்டை கட்டிப்போய் குருவிடம் வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, ஒரு கேள்வி."

"கேளுங்க சார்."

"நமக்குத் தெரிஞ்சதை இன்னொருத்தருக்கு எப்படித்தான் புரியவைக்கிறது?"

குரு கையிலிருந்த புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவில்லை. இந்தக் கூச்சலில் ஒரு வாரமாக அவரால் நாலு பக்கம் தாண்ட முடியவில்லை.

"சொல்லாதீங்க. காட்டுங்க."

"எதைக் காட்டுறது அம்மா?"

"அதையும் நானே சொல்லணுமா?"

வைத்தியலிங்கம் கும்பிட்டுவிட்டு எழுந்தார். பெரிய உபதேசம் கிடைத்துவிட்டதாக அவருக்கு எண்ணம். விடியும்வரை பொறுக்காமல் அன்று மாலையே சாத்தூர் போய் கருநீலக் கலர் பேப்பர் வாங்கி வந்தார். இருப்பதிலேயே மட்டமான ரகம். அதுதான் சீக்கிரம் வெளுக்குமாம்.

மறுநாள் பிள்ளைகளை ஒன்பது மணிக்கே வரவழைத்துவிட்டார். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. அவருக்குத் தாங்க முடியாத சந்தோஷம்.

"எல்லாரும் கவனிங்க. தாளில ஆளுக்கு ஒரு பொம்மை வெட்டணும். பொம்மையோட வலது பாதிக்கு வெயில் களிம்பு பூசுவோம். இடது பாதி சும்மா இருக்கும். மூணு மணி நேரம் வெயில்ல வைப்போம். அப்புறம் என்ன ஆகுதுன்னு நீங்களே பாருங்க."

பிள்ளைகளுக்கு அன்றைக்குத்தான் வகுப்பு பிடித்தது. கத்தரிக்கோலுக்கு அடிதடி நடந்தது. ஒருத்தி பொம்மைக்கு இரட்டைச் சடை வைத்து வெட்டினாள். ஒருத்தன் மீசை வரைந்தான்.

"மை தடவாதே! மை பட்டா சோதனை கெட்டுப்போயிரும்!" என்று வைத்தியலிங்கம் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் கொடுத்தார்.

பொம்மை தயார். களிம்பு? அதை வாங்க மறந்திருந்தார். மறுபடி சாத்தூர் போய்வந்தால் இப்படி ஒரு வெயில் வீணாகிவிடும்.

"கருப்பாயி, உன் டியூப்பைக் குடும்மா. ஆளுக்கு ஒரு பொட்டுதான்."

கருப்பாயி எடுத்து நீட்டினாள். அதுவரை அதைப் பைக்குள் ஒளித்தே வைத்திருப்பாள், யாராவது கேட்டால் பல் தேய்க்கிற பேஸ்ட் என்பாள். இன்றைக்கு இருபத்தொரு பேரும் அவளைச் சுற்றி நின்று, "எனக்குக் கொஞ்சம், எனக்குக் கொஞ்சம்" என்றார்கள். பிதுக்கிப் பிதுக்கிக் கொடுத்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

ஆளுக்கு ஒரு பொட்டு என்பது நடக்கவில்லை. ஒரு பொம்மைக்கு அதிகம், ஒன்றுக்குக் குறைவு என்று இருந்தால் சோதனை சரிவராது. வைத்தியலிங்கம் ஒவ்வொன்றையும் கண்ணுக்கருகில் வைத்துப் பார்த்து, மெலிசாக இருந்த இடத்தில் மறுபடி பூசினார். டியூப் சப்பையாகிவிட்டது. அதை நடுவில் வெட்டி, உள்ளே ஒட்டியிருந்ததை வழித்து, கடைசியாகக் கருப்பாயியின் பொம்மைக்குப் பூசினார்.

பத்து மணிக்கு அவள் முகத்தில் பூச வேண்டிய களிம்பு அது.

பாறையில் தாள்களைப் பரப்பினார்கள். பரப்பியதும் காற்று அடித்தது. தாள்கள் கிளம்பின.

"கல்லு வைக்கலாமா சார்?"

"கூடாது. கல்லோட நிழல் தாளில விழும். ஆளுக்கு ஒரு தாள் பக்கத்துல உக்காருங்க. விரல் நுனியால ஓரத்தை மட்டும் அழுத்திக்கோங்க. எழுந்திரிக்கக் கூடாது."

உட்கார்ந்தார்கள். அன்றைக்குப் பார்த்து இருபத்திரண்டு பேர் தலையிலும் தொப்பி இருந்தது. ஒன்பது நாளாக அவர் தொண்டை கிழியக் கேட்டது அதைத்தான். பிள்ளைகள் குனிந்ததும் தொப்பி விளிம்பின் நிழல் தாள்களின்மேல் விழுந்தது.

"நிழல்! நிழல்! தொப்பியைக் கழட்டு!" என்று வைத்தியலிங்கம் கத்தினார். "எல்லாரும் கழட்டுங்க. தாள்மேல நிழல் விழக் கூடாது. தலையைப் பின்னால வாங்கு. ஏய், உன்னைத்தான், உன் நிழலைத் தள்ளு!"

நீங்கள் நம்ப மாட்டீர்கள். நானும் முதலில் நம்பவில்லை. முப்பத்துமூன்று வருஷம் அறிவியல் சொல்லிக்கொடுத்த மனிதர், வெயிலிலிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றுவது எப்படி என்று காட்டுவதற்காக, மே மாத வெயிலில் பிள்ளைகளின் தொப்பியைக் கழற்றவைத்து வரிசையாக உட்காரவைத்தார்.

பதினோரு மணிக்குக் குரு ஜன்னல் பக்கம் வந்து பார்த்தார். இருபத்திரண்டு பிள்ளைகள் ஆடாமல் அசையாமல் குனிந்திருந்தார்கள். ஒரு சத்தம் இல்லை. 'அப்பாடா' என்று குரு ஜன்னலைச் சாத்திவிட்டுப் புத்தகத்துக்குத் திரும்பினார். அன்று முப்பது பக்கம் படித்தார்.

ஒரு மணிக்கு வைத்தியலிங்கம் ஓடிவந்தார். கை நிறையத் தாள்கள்.

"அம்மா, பாருங்க! பாருங்க!"

உண்மையிலேயே பார்க்க வேண்டியதாகத்தான் இருந்தது. ஒவ்வொரு பொம்மையும் நடுவில் கோடு கிழித்தாற்போல வலது பாதி கருநீலம், இடது பாதி சாம்பல். வாசலில் பிள்ளைகள் வியர்வை வழிய, முகம் கருத்து, வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். ஒருத்தன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

"புரிஞ்சிருச்சு அம்மா. எல்லாருக்கும் புரிஞ்சிருச்சு. நீங்க சொன்னது சரி. காட்டணும்."

குரு தாள்களைப் புரட்டினார். இருபத்தொன்று இருந்தது.

"ஒண்ணு குறையுதே சார்."

"கருப்பாயியோடது. அவளுக்குக் கடைசியாத்தானே களிம்பு பூசினோம்? பத்தே காலுக்குத்தான் வெயில்ல வச்சா. இன்னும் கால் மணி நேரம் இருக்கு. எல்லாத்துக்கும் சமமா இருக்கணுமில்ல?"

குரு அவரைப் பார்த்தார். தாள்கள் கையிலிருந்து நழுவியதுகூடத் தெரியாமல் வெளியே நடந்தார்.

பாறை நடுவில் கருப்பாயி ஒற்றை ஆளாகக் குந்தியிருந்தாள். தொப்பி எட்டத் தள்ளிக் கிடந்தது. பின்னங்கழுத்து ரத்தச் சிவப்பு. வகிட்டுத் தோல் சிவப்பு. கண்ணைத் திறக்க முடியாமல் இறுக்கி மூடிக்கொண்டு, விரல் நுனியால் மட்டும் தாளின் ஓரத்தைப் பிடித்திருந்தாள்.

குரு குனிந்தார். அவர் நிழல் அவள்மேல் விழுந்தது.

மூடிய கண்ணுக்கு அது தெரிந்துவிட்டது போலும். "தள்ளிக்கோங்க" என்றாள் கருப்பாயி. "தாள்மேல நிழல் விழுது."

குரு அவளை அப்படியே வாரித் தூக்கினார்.

பிள்ளைகள் ஓடிப்போய்ச் சொல்லி முத்திருளி வேலையைப் போட்டுவிட்டு வந்தாள். அதற்குள் கழுத்தில் நீர் கோத்துக்கொண்டு கொப்புளம் எழும்பியிருந்தது. ஈரத்துணியை விலக்கிப் பார்த்தாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எல்லோருக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அன்னைக்குக் குடுத்த களிம்பு எங்க?" என்று மகளிடம் கேட்டாள்.

"பொம்மைக்குப் பூசியாச்சும்மா."

"தொப்பி?"

"நிழல் விழும்னு சார் கழட்டச் சொன்னாரு."

முத்திருளி தரையில் கிடந்த தாள்களைப் பார்த்தாள். ஒன்றை எடுத்துத் திருப்பினாள். பிறகு வைத்தியலிங்கத்தின் கையில் கொடுத்தாள்.

"காகிதம் நல்லாருக்கு சார்" என்றாள். பிள்ளையைத் தோளில் போட்டு, முந்தானையால் மூடிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

வைத்தியலிங்கம் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலை பையில் வேட்டி துண்டை அடைத்துக்கொண்டு குருவின் முன்னால் வந்து நின்றார்.

"நான் போறேன் அம்மா. சொல்லிக்கொடுக்க எனக்கு யோக்கியதை இல்லை."

"எங்கே போறீங்க?"

"எங்கேயாவது."

"நீங்க எங்கேயாவது போனா அவ வீட்டுக் கதவு திறந்துருமா?"

அவர் பையைக் கீழே வைத்தார். பிறகு, கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்டார்.

"நீங்கதானே அம்மா காட்டச் சொன்னீங்க?"

"ஆமா. நான்தான் சொன்னேன். பதினோரு மணிக்கு ஜன்னல்ல நின்னு பார்த்ததும் நான்தான். சத்தம் இல்லையேன்னு சந்தோஷப்பட்டுட்டுப் போய் உக்காந்தவளும் நான்தான். இப்ப என்ன செய்யலாம், சேர்ந்து உக்காந்து அழலாமா?"

மதியம் பிள்ளைகள் சேதி கொண்டுவந்தார்கள். கருப்பாயிக்கு ஊசி போட்டார்களாம். உயிருக்கு ஒன்றும் இல்லையாம். அவள் அம்மா காலையில் கதவைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டாளாம்.

குரு எழுந்தார். "கிளம்புங்க சார்."

"இப்பவா? மணி ரெண்டாகப் போகுதே. நாலு மணிக்குப் போகலாமே அம்மா. வெயில் கொஞ்சம் தாழட்டும்."

குரு அவரையே பார்த்தபடி நின்றார். வைத்தியலிங்கம் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

முத்திருளியின் வீடு காலனியில் கடைசி வீடு. கிழக்குப் பார்த்த வாசல். கதவில் பூட்டு. பக்கத்தில் சின்ன ஜன்னல், அதற்குள் இருட்டு.

"கருப்பாயி" என்று கூப்பிட்டார் வைத்தியலிங்கம்.

"சாரா?" ஜன்னல் கம்பிக்குப் பின்னால் கருப்பாயி வந்தாள். கழுத்தில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. "அம்மா வேலைக்குப் போயிருக்கு. அஞ்சரைக்குத்தான் வரும்."

"நாங்க இருக்கோம்மா. இங்கேயே இருக்கோம்."

தெருவில் ஒரு டிராக்டர் நின்றிருந்தது. அதன் பக்கத்தில் நல்ல அகலமான நிழல். வைத்தியலிங்கம் அதில் போய் உட்கார்ந்தார்.

"சார், அங்க உக்காராதீக. அது மூணே காலுக்குப் போயிரும்."

"பரவாயில்லம்மா."

"இந்தச் சுவரு ஓரமா வாங்க. இப்ப ஒரு முழந்தான் இருக்கும். ஆனா போகாது. போகப் போக நீளும்."

குரு எழுந்து சுவர் ஓரம் போனார். வைத்தியலிங்கம் போகவில்லை. முழ அகல நிழலில் காலை மடக்கிக்கொண்டு உட்கார அவருக்கு மூட்டு வலி. மூன்றே காலுக்கு ஒருவர் வந்து டிராக்டரை எடுத்துக்கொண்டு போனார். வைத்தியலிங்கம் நடுத்தெரு வெயிலில் உட்கார்ந்திருந்தார்.

"சொன்னேன்ல" என்றாள் கருப்பாயி.

அவர் எழுந்து அங்குமிங்கும் பார்த்துவிட்டு முருங்கை மரத்துக்கு நகர்ந்தார்.

"அய்யோ, முருங்கை வேண்டாம் சார். அது ஓட்டை நிழலு. உக்காந்தா புள்ளி புள்ளியாச் சுடும். வேம்புன்னா கெட்டி. இங்கதான் வேம்பு இல்லியே."

வேறு வழியில்லாமல் அவர் சுவர் ஓரம் வந்து குருவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்தப் பக்கம் மூஞ்சியைக் காட்டாதீக. இப்படித் திரும்பி உக்காருங்க."

"ஏம்மா? நாங்க நிழல்லதானே இருக்கோம்?"

"எதுத்த வீட்டுச் சுவருக்குப் புதுசா வெள்ளையடிச்சிருக்காக. வெயிலு அதுல பட்டு இங்க வரும். நிழல்ல உக்காந்திருந்தாலும் சுடும். ஒரு நாள் இந்த ஜன்னல்ல நின்னுட்டே இருந்தேன், கன்னமெல்லாம் செவந்துருச்சு. அப்புறந்தான் கண்டுபிடிச்சேன்."

ஒளி எதிரொளிப்பு, எட்டாம் வகுப்பு. வைத்தியலிங்கம் அதை முப்பத்துமூன்று தடவை நடத்தியிருக்கிறார். இப்போது அவள் சொன்னபடி திரும்பி உட்கார்ந்தார்.

ஒரு வருஷம் அந்த ஜன்னலுக்குப் பின்னாலேயே இருந்தவள். அவளுக்கு அந்தத் தெருவின் நிழல் எல்லாம் மணிப்படி தெரிந்திருந்தது. எது நீளும், எது சுருங்கும், பால்காரர் சைக்கிள் நிழல் எத்தனை நிமிஷம், எந்த வீட்டுக் கூரையில் கீற்று விலகி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போனாள். கேட்க ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அவளுக்குக் கழுத்து வலி மறந்துவிட்டது.

வைத்தியலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை.

"இவ்வளவு தெரிஞ்ச பொண்ணு, அப்புறம் ஏம்மா நேத்து அந்தப் பாறையில அப்படி உக்காந்திருந்தே? சுடலையா உனக்கு?"

"சுட்டுச்சு."

"எழுந்து வரவேண்டியதுதானே?"

"சார் சொன்னீகள்ல. எழுந்திரிக்கக் கூடாதுன்னு."

வைத்தியலிங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டிக்கொள்ளவில்லை. குரு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு கருப்பாயி மட்டும்தான் பேசினாள்.

ஐந்தரைக்கு முத்திருளி வந்தாள். விரலெல்லாம் தீப்பெட்டி மருந்துக் கறை.

"என்ன, ரெண்டு பேரும் இங்க?"

"ரெண்டு மணிலேர்ந்து இருக்காகம்மா" என்றாள் கருப்பாயி உள்ளேயிருந்து. "நான்தான் நிழல்ல உக்காரவச்சேன்."

முத்திருளி பூட்டைத் திறந்தாள். வைத்தியலிங்கம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"தப்பு என்னோடதும்மா. என் பொறுப்புன்னு சொன்னேன். நான்..."

"தெரியும் சார். அதைச் சொல்லவா இம்புட்டு நேரம் உக்காந்திருந்தீக?"

"இல்லை" என்றார் குரு. "வகுப்பை சாயங்காலம் ஆறு மணிக்கு மாத்தியிருக்கோம். அதைச் சொல்லத்தான் வந்தோம். நீங்க வேலை விட்டு வந்து, ஒரு வாய் காப்பித்தண்ணி குடிச்சிட்டு, அவளை நீங்களே கூட்டிட்டு வாங்க. நீங்களும் கூடவே உக்காருங்க. எட்டு மணிக்குக் கூட்டிட்டுப் போயிருங்க."

வைத்தியலிங்கத்துக்கு இது செய்தி. குருவைத் திரும்பிப் பார்த்தார்.

முத்திருளிக்கும் நம்பிக்கை வரவில்லை. "ஆறு மணியிலேர்ந்து எட்டு மணி வரைக்கும் உங்க மடத்துல மௌனமாச்சே? அந்த நேரத்துல பாறைப் பக்கம் ஆடு பத்திட்டுப் போனாக்கூட வெரட்டுவீகளே."

"ஒன்பது வருஷம் பேசாம இருந்தாச்சு. போதும்."

முத்திருளி வாசற்படியில் உட்கார்ந்தாள். காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். அவளுக்குக் கோபம் இப்போதுதான் வந்தது.

"மணியை மாத்துனா முடிஞ்சிருக்கும். ரெண்டு பேரும் அம்புட்டுப் படிச்சிருக்கீக. இதைக் கண்டுபிடிக்க என் புள்ள கழுத்து வேகணுமாக்கும்?"

 இதை முன்பே கண்டுபிடித்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

உள்ளேயிருந்து கருப்பாயி வந்து அம்மாவின் முதுகில் சாய்ந்துகொண்டாள். "போலாம்மா" என்றாள். "நீயும்தான வாரே."

முத்திருளி கையைப் பின்னால் கொண்டுபோய் மகளின் கழுத்துத் துணியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "கொப்புளம் ஆறட்டும். ஒரு வாரம் போகட்டும்" என்றாள். "கூட்டிட்டு வாரேன். ஆனா ஜூன் மாசத்தைப் பத்தி இப்ப எங்கிட்டக் கேக்காதீக."

"கேக்கலை" என்றார் குரு.

இருவரும் மடத்துக்குத் திரும்பி நடந்தார்கள். வெயில் இறங்கியிருந்தது. பாதி தூரம் வரை வைத்தியலிங்கம் ஏதோ யோசித்தபடியே வந்தார். முப்பத்துமூன்று வருஷப் பழக்கம் ஒரு மத்தியானத்தில் போய்விடுமா என்ன?

"அம்மா."

"சொல்லுங்க சார்."

"ஆறு மணிக்குன்னா வெயிலே இருக்காதே."

"இருக்காது."

"அப்புறம் எதை வச்சு வெயிலைப் பத்திச் சொல்லிக்கொடுக்கிறது?"

குரு நடுரோட்டில் நின்றுவிட்டார். தலையில் அடித்துக்கொள்ளக் கை எழுந்தது. கையை இறக்கிக்கொண்டார்.

"சார்" என்றார். "கருப்பாயி வருவா. அவகிட்டக் கேப்போம்."